பதில் வராத கடிதங்களை எண்ணுவது எப்படி?

மின்னஞ்சலை அட்டவணையாகவும் வரைபாகவும் மாற்றும் முறை பற்றி ஒரு விளக்கம்

கடிதம் எழுதுவது எமது கமக்காரக் குடும்பங்களுக்குப் புதிய காரியமல்ல. வாய்க்கால் உடைந்தால் கடிதம், கட்டாக்காலி மாடு பயிரை அழித்தால் கடிதம், காணி அனுமதிப்பத்திரம் தொலைந்தால் கடிதம், நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டால் கடிதம். 1996இல் சத்ஜெய இராணுவ நடவடிக்கையின்போது ஒரு தடவையும் 2008இல் இன்னொரு தடவையும் உருத்திரபுரத்தை விட்டு வெளியேறியவர்கள், அந்தக் கடிதப் பிரதிகளைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சமையற் பாத்திரங்களோடு சுமந்தார்கள். கொண்டு சேர்த்தவர்கள் சிலர், வழியில் இழந்தவர்கள் பலர். மீளக் குடியமர வந்தபோது, "முன்பு எழுதியதற்கு என்ன அத்தாட்சி?" என்ற கேள்விக்கு முன்னால் வாயடைத்து நின்ற குடும்பங்களை நாம் அறிவோம்.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. கமக்காரர் அமைப்பின் செயலாளரோ உயர்தரம் படிக்கும் பிள்ளையோ கைப்பேசியில் தட்டச்சுச் செய்து, கமநல சேவை நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கும் மின்னஞ்சலாக அனுப்பிவிடலாம். மின்னஞ்சலுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. நாம் இடம்பெயர்ந்தாலும் அது இடம்பெயராது. வீடு எரிந்தாலும், அனுப்பிய திகதியோடு அதன் பிரதி எங்கோ தொலைவில் ஒரு கணனியில் கிடக்கும்.

ஆனால் கிடப்பது வேறு, பயன்படுவது வேறு. பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இந்த வருடம் எத்தனை கடிதம் அனுப்பினோம்? எத்தனைக்குப் பதில் வந்தது? வராதவை எந்தக் கந்தோரில் எத்தனை நாளாகக் கிடக்கின்றன?" என்று கேட்டால் செயலாளர் என்ன சொல்வார்? கைப்பேசியை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். கூட்டம் முடிந்துவிடும். கடிதங்கள் எல்லாம் கையில் இருக்கின்றன, விடை மாத்திரம் இல்லை. சூடு வைத்த நெல்லை யாரும் அளப்பதில்லை. களத்தில் போட்டு மிதித்துத் தூற்றிய பின்தான் எத்தனை மூடை என்று சொல்லலாம். கடிதக் குவியலுக்கும் அப்படி ஒரு களம் வேண்டும். அந்தக் களத்தின் பெயர் அட்டவணை.

உறையில் எழுதியிருப்பது

தபாற் கடிதத்தின் உறையில் அனுப்புநர், பெறுநர், தபால் முத்திரைத் திகதி ஆகியவை இருக்கும். மின்னஞ்சலுக்கும் அப்படி ஓர் உறை உண்டு. அதன் பெரும்பகுதியைக் கைப்பேசி எமக்குக் காட்டுவதில்லை. 1971இல் அமெரிக்கப் பொறியியலாளர் றே ரொம்லின்சன் ஒரு கணனியில் இருந்து இன்னொரு கணனிக்கு வலையமைப்பு மூலம் முதற் கடிதத்தை அனுப்பினார். உறையில் என்னென்ன வரிகள் எந்த ஒழுங்கில் இருக்க வேண்டும் என்பது 1982இல் ஒரு பொது நியமமாக வகுக்கப்பட்டது. அந்த ஒழுங்கு அடிப்படையில் இன்றும் மாறவில்லை. அனுப்பியவர், பெற்றவர், பிரதி பெற்றவர், திகதியும் நேரமும், பொருள், இவற்றோடு கடிதத்துக்கே உரிய ஓர் அடையாள இலக்கம். யாராவது அந்தக் கடிதத்துக்கு மறுமொழி எழுதினால், மறுமொழியின் உறையில் முதற் கடிதத்தின் இலக்கமும் பதியப்படும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று கணனி பொருத்திப் பார்ப்பது இந்த இலக்கத்தைக் கொண்டுதான்.

திகதி வரியில் நேரத்துக்குப் பக்கத்தில் +0530 என்றொரு குறியையும் காணலாம். உலகப் பொது நேரத்தை விட எமது நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தியது என்பது அதன் பொருள். வன்னி மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை மாற்றிய காலத்தில் இருந்து 2006 ஏப்ரலில் பழையபடி ஆகும் வரை, "பழைய நேரமா, புதிய நேரமா?" என்று கேட்டுத்தானே பயணம் புறப்பட்டோம்! கணனிக்கும் அதே கேள்வி உண்டு. அதனால்தான் அந்தக் குறி.

மின்னஞ்சலை அறிக்கை மென்பொருளோடு இணைப்பது என்று கணனிக்காரர் சொல்வது இதைத்தான்: தபாற்பெட்டியில் உள்ள ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு நிரையாகவும், உறையில் உள்ள ஒவ்வொரு வரியையும் ஒரு நிரலாகவும் மாற்றி எடுப்பது. தரவுகளை இப்படி நிரை நிரலாக வைத்துக் கேள்வி கேட்கும் முறையை 1970இல் வகுத்துக் கொடுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் கொட் என்பவர். வங்கிக் கணக்கு முதல் பரீட்சைப் பெறுபேறு வரை இன்று எத்தனையோ விடயங்கள் அந்த முறையில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன.

பெரிய நிறுவனங்கள் மைக்ரோசொப்டின் பவர் பீ.ஐ. போன்ற மென்பொருளைப் பாவிக்கின்றன. அது அதே நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச் தபாற்பெட்டியோடு நேரடியாகத் தொடுக்கும். தரவைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்த கடிதங்கள் வரைபில் சேரும். எமது ஆட்களிடம் இருப்பது பெரும்பாலும் ஜீமெயில். அதற்கு அந்த நேரடித் தொடுப்பு உதவாது. ஆனால் கவலைப்பட வேண்டியதில்லை. தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளை ஒரு கணனியில் ஏற்றி, அமைப்பின் ஜீமெயிலை அதில் திறக்க வேண்டும். அதற்கென்று கிடைக்கும் இலவசத் துணைநிரல் ஒன்று, கடிதங்களின் உறை விபரங்களை ஒரு பட்டியலாக எழுதித் தரும். அந்தப் பட்டியலை எக்ஸெலிலோ, காசில்லாமற் கிடைக்கும் லிப்ரே ஒபிஸிலோ திறக்கலாம். கணனி படித்த ஒரு பிள்ளைக்கு இது ஒரு பின்னேர வேலை. வருடத்துக்கு இருநூறு முந்நூறு கடிதம் எழுதும் அமைப்புக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. காசு கொடுத்து மென்பொருள் வாங்கச் சொல்லி யாராவது வந்தால், வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம்.

உள்ளே இருப்பதைக் கணனி அறியாது

இனித்தான் கடினமான பகுதி. உறையை மட்டும் கணனி தானாகப் பிரித்து நிரல்களில் போடும். உள்ளே எழுதிய விடயத்தை அப்படிப் பிரித்துத் தராது.

2018 டிசெம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் காலபோக நெல் நீருக்குள் நின்றது. அவ்வாறான நேரத்தில் ஒருவர் எழுதுகிறார்: "ஐயா, எங்கள் வயல் முழுதும் போய்விட்டது, தயவுசெய்து கவனிக்கவும்." மற்றவர் எழுதுகிறார்: "எட்டாம் வாய்க்காலில் இரண்டரை ஏக்கர், விதைத்து 60 நாள், முற்றாக அழிவு." படிக்கும் மனிதருக்கு இரண்டும் விளங்கும். ஆனால் மொத்தம் எத்தனை ஏக்கர் என்று கூட்ட வெளிக்கிட்டால், இரண்டாவது கடிதத்தை மட்டுமே கூட்டலாம். முதலாமவரின் வயல் உண்மையாகவே முழுதும் போயிருக்கலாம். கணக்கில் அவருடைய இழப்பு பூச்சியம்.

அளவுகளில் இன்னொரு சிக்கல். ஒருவர் ஏக்கரில் எழுதுவார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறியவர் பரப்பில் எழுதுவார். கந்தோரில் ஹெக்டேயர் கேட்பார்கள். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர், ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய 2.47 ஏக்கர். அலகு குறிப்பிடாமல் வெறும் "8" என்று எழுதினால், அது எட்டு ஏக்கரா அரை ஏக்கரா என்று யாருக்கும் தெரியாது.

எழுத்துருவின் தொல்லையை எம்மில் பலர் கவனிப்பதில்லை. பல வருடங்களாக இங்கே தட்டச்சு நிலையங்களில் பாவித்தது பாமினி எழுத்துரு. திரையில் அழகான தமிழாகத் தெரியும். கணனியின் உள்ளே அது ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவுமே பதிந்திருக்கும். யூனிகோட் தமிழில் "உருத்திரபுரம்" என்று தேடினால் பாமினியில் எழுதிய ஒரு கடிதமும் அகப்படாது. பழைய கடிதங்களை மாற்றித் தரும் எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே உண்டு. இனி எழுதுபவற்றை யூனிகோடிலேயே எழுதுங்கள். கைப்பேசித் தமிழ் யூனிகோட்தான். கையால் எழுதிய கடிதத்தைப் படம் பிடித்து இணைத்து அனுப்புவதும் இப்படித்தான். அத்தாட்சிக்கு அது நல்லது, ஆனால் அட்டவணைக்கு அது வெறும் படம். ஊர்ப்பெயரை ஒருவர் "உருத்திரபுரம்" என்றும் இன்னொருவர் "உருத்ரபுரம்" என்றும் எழுதினால் கணனி இரண்டு ஊர்களாக எண்ணும்.

இந்த உண்மை எமது நாட்டில் ஒரு பெருந்துயரத்தின் நடுவே வெளிப்பட்டது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமற் போனோர் விபரம், முகாம்களின் தேவை, உதவி தரும் நிறுவனங்களின் பட்டியல் என்று நாலா பக்கமும் இருந்து தகவல்கள் வந்து குவிந்தன. அப்போது கொழும்பில் மென்பொருள் துறையில் இருந்த தொண்டர்கள் சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். நிவாரணம் என்ற பொருளுடைய சிங்களச் சொல்லான "சகன" என்பதை அதற்குப் பெயராக வைத்தார்கள். யார், எங்கே, என்ன தேவை, எவ்வளவு என்பவற்றை நீண்ட கடிதமாக வாங்காமல், தனித்தனிக் கட்டங்களில் வாங்கியதே அதன் பலம். கட்டத்தில் வாங்கினால்தான் எந்த முகாமுக்கு எது போகவில்லை என்று உடனே கேட்கலாம். பின்னர் அதே மென்பொருள் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்திலும் பாவிக்கப்பட்டது. இலங்கையில் பிறந்து, உலகுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட ஒன்று.

ஆகவே மென்பொருளைத் தேடுமுன், கடிதத்தின் பொருள் வரியை எப்படி எழுதுவது என்று கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள். உதாரணமாக: "பயிரழிவு, எட்டாம் வாய்க்கால், 2.5 ஏக்கர், உறுப்பினர் இல. 47". எப்போதும் இதே ஒழுங்கு, இதே காற்புள்ளி. காற்புள்ளி இருக்கும் இடத்தில் கணனி வெட்டி நான்கு நிரலாக்கிவிடும். கண்ணீரும் கோபமும் கடிதத்தின் உள்ளே எவ்வளவும் இருக்கலாம், அவை அதிகாரி படிப்பதற்கு.

கேள்வியும் வரைபும்

அட்டவணை வந்துவிட்டால் கேள்வி கேட்பது இலகு. "பதில் வந்த திகதி" என்ற நிரல் வெறுமையாக உள்ள நிரைகளை மட்டும் காட்டு என்றால், காத்திருக்கும் கடிதங்கள் முழுவதும் ஒரே பக்கத்தில் வரும். கந்தோர்வாரியாகக் கூட்டு, வாய்க்கால்வாரியாக ஏக்கரைக் கூட்டு, மாதவாரியாக எண்ணு என்றும் கேட்கலாம். எக்ஸெலிலும் லிப்ரே ஒபிஸிலும் பிவட் என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது. விடையைப் பிள்ளைகள் பாடசாலையில் படிக்கும் சலாகை வரைபாகப் போடலாம். ஒரு கந்தோருக்கு ஒரு சலாகை. எது உயர்ந்து நிற்கிறது என்பது எழுத்து வாசிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் தெரியும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அதிகாரி தொலைபேசியில் பதில் சொன்னாலோ, நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனாலோ, தபாலில் கடிதம் வந்தாலோ மின்னஞ்சலுக்கு அது தெரியாது. அதைக் கையால் பதியவேண்டும். பதியாவிட்டால், வேலை செய்த அலுவலரையும் வேலை செய்யாதவர் என்று வரைபு காட்டும். அப்படி ஒரு வரைபைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், அடுத்த தடவை எங்கள் உண்மையான வரைபையும் நம்பமாட்டார்கள்.

சராசரி என்ற சொல்லில் ஒரு பொறி இருக்கிறது. கணக்கை விளக்கவே சொல்கிறோம்: ஐந்து கடிதங்களுக்குப் பதில் வர 10, 12, 14, 15, 299 நாட்கள் எடுத்தன என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 350, சராசரி 70 நாள். ஆனால் 70 நாளளவில் பதில் வந்த கடிதம் ஒன்றுகூட இல்லை. வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் 14. இதை இடையம் என்பார்கள். வழக்கமாக எத்தனை நாள் எடுக்கிறது என்பதற்கு இடையமே நேர்மையான விடை. 299 நாள் கிடந்த அந்த ஒரு கடிதத்தை தனியாக எடுத்துக் காட்டவேண்டும். அதற்குள் ஒரு குடும்பம் இருக்கிறது.

இதைவிடப் பெரிய பொறி இன்னொன்று. பதிலே வராத கடிதத்துக்கு "எத்தனை நாள்" என்ற இலக்கம் இல்லை. வெறுமையான கட்டத்தைக் கணனி சராசரியில் சேர்க்காது. பத்துக் கடிதத்தில் இரண்டுக்கு ஐந்து நாளில் பதில் தந்து, எட்டைத் தூக்கி ஒரு பக்கம் போட்ட கந்தோரின் சராசரி ஐந்து நாள்! பத்துக்கும் இருபது நாளில் ஒழுங்காகப் பதில் தந்த கந்தோர் அதற்குப் பக்கத்தில் மோசமானதாகத் தெரியும். அதனால் இரண்டு இலக்கங்களையும் சேர்த்தே காட்டுங்கள்: நூற்றுக்கு எத்தனை கடிதத்துக்குப் பதில் வந்தது, வந்தவற்றின் இடையம் எத்தனை நாள். காத்திருப்பவற்றுக்கு அனுப்பிய திகதியில் இருந்து இன்று வரை எத்தனை நாள் என்று இன்னொரு நிரல் போடலாம். அந்த நிரல் ஒவ்வொரு நாளும் தானாக வளரும்.

தவணைத் திகதி தவறும் இடத்தில் அட்டவணை குடும்பத்தின் உரிமையையே காக்கும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. இழப்பீட்டுப் பட்டியலில் உங்கள் பெயர் ஏன் இல்லை, உங்கள் காணியின் கோவை எந்த நிலையில் இருக்கிறது என்று அந்தச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைத் தரவேண்டும். மறுத்தாலோ காலம் கடந்தாலோ, குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யவேண்டும். அவர் மூன்று வாரங்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். கந்தோருக்குத் தவணை இருப்பதுபோல் எங்களுக்கும் தவணை இருப்பதைக் கவனியுங்கள். "வரும், வரும்" என்று காத்திருந்தே மேன்முறையீட்டு நாட்களைத் தவறவிட இடமுண்டு. அனுப்பிய திகதியில் இருந்து 14 வேலை நாட்களைக் கூட்டித் தவணைத் திகதியை எழுதும் சூத்திரம் எக்ஸெலிலேயே இருக்கிறது. போயா நாட்களையும் பொது விடுமுறைகளையும் கழிக்க, அவற்றின் பட்டியலை வருடத் தொடக்கத்தில் ஒரு தரம் கொடுத்தாற் போதும்.

சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போகும்போதும் இந்த ஒரு பக்கம் உதவும். குளத்து நீரின் அளவைப் பார்த்து எத்தனை ஏக்கருக்கு நீர் விடுவது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில், "எங்கள் பக்கத்து வாய்க்கால் திருத்தவில்லை" என்று பத்துப் பேர் சத்தம் போடுவது ஒரு வகை. எந்த வாய்க்காலில் எத்தனை ஏக்கருக்கு நீர் ஏறவில்லை, அதைப் பற்றி எந்தெந்தத் திகதியில் எழுதினோம் என்ற பட்டியலை ஒருவர் வாசிப்பது இன்னொரு வகை. இரண்டாவதுக்குக் கூட்டக் குறிப்பில் இடம் கிடைக்கும்.

பெயரும் கடவுச்சொல்லும்

பெயர்ப்பட்டியல் என்றதும் எமது மக்களுக்கு ஏற்படும் அச்சம் காரணமில்லாததல்ல. அமெரிக்காவில் என்ரோன் என்ற பெரும் எரிசக்தி நிறுவனம் 2001 டிசெம்பரில் வங்குரோத்தானது. விசாரணையின் தொடர்ச்சியாக 2003இல் அதன் மின்னஞ்சல்கள் பகிரங்கப்படுத்தப்பட்டன. ஏறத்தாழ 150 பேரின் ஐந்து இலட்சம் வரையான கடிதங்கள். யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பதை வரைபாக்கிப் பார்க்க ஆய்வாளர்களுக்கு அது பெரும் வாய்ப்பாக இருந்தது. ஆனால் குற்றம் எதுவும் செய்யாத ஊழியர்களின் சொந்த விடயங்களும் அவற்றோடு வெளியே போயின. பின்னர் பாதிக்கப்பட்டவர்கள் கேட்டதன் பேரில் சில கடிதங்கள் நீக்கப்பட்டன. போனது போனதுதான்.

எங்கள் நாட்டிலும் 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. சட்டத்தைப் பார்த்துக் காத்திராமல் நாமே சிலவற்றைச் செய்யலாம். பொருள் வரியில் பெயருக்குப் பதிலாக உறுப்பினர் இலக்கம் எழுதுவது அதற்காகத்தான். எந்த இலக்கம் யாருடையது என்ற கொப்பி தலைவரிடம் கடதாசியில் இருக்கட்டும், கணனிக்குள் வேண்டாம். தேசிய அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் அட்டவணைக்குள் வரவே கூடாது. வரைபை வட்ஸ்அப்பில் அனுப்பலாம், அட்டவணையை அனுப்ப வேண்டாம். தனித்து வாழும் பெண்ணின் வீடு எது, எவருக்கு இழப்பீடு வந்தது என்பவை ஊருக்குள்ளேயே பிரச்சினை கிளப்பக்கூடிய விபரங்கள்.

மின்னஞ்சல் முகவரி செயலாளரின் சொந்த முகவரியாக இருக்கக்கூடாது. அவர் கனடாவுக்குப் போனால் அமைப்பின் ஞாபகமும் கூடவே போய்விடும். அமைப்பின் பெயரில் ஒரு முகவரி திறந்து, கடவுச்சொல்லைத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் வைத்திருங்கள். நிருவாகம் மாறும் பொதுக்கூட்டத்தில் திறப்பும் கணக்குப் புத்தகமும் கைமாறும்போது கடவுச்சொல்லும் கைமாறி, அன்றைக்கே மாற்றப்பட வேண்டும். இரண்டு வருடம் ஒருவரும் திறந்து பார்க்காத கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் நிறுவனம் 2023இல் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே கடிதம் எழுத எதுவும் இல்லாத மாதங்களிலும் தபாற்பெட்டியைத் திறந்து பாருங்கள். காலபோகம் முடிந்ததும் அட்டவணையின் பிரதி ஒன்றை அச்சிட்டுக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி, தலைவரும் செயலாளரும் திகதியிட்டு ஒப்பமிடலாம்.